விளையாட்டுக்கும் ஒரு சுதேசிக் கப்பல்



ஒரு வீட்டின் அடுக்களையில் உள்ள டப்பாக்களைத் திறந்து பார்த்தால், அந்த வீட்டார் என்ன உண்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஒரு பதிப்பகத்தின் நூற்பட்டியலைப் புரட்டினால், அதை நடத்துவோரின் உள்ளம் எத்தகையது என்பது விளங்கிவிடும். விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனத்தின் பட்டியலும் அப்படிப்பட்டதே. ஜப்பான் நாட்டில் கியோட்டோ நகரில் உள்ள நின்டெண்டோ என்னும் நிறுவனம் இதுவரை வெளியிட்ட விளையாட்டுகளின் பட்டியலை நாங்கள் சில மாதங்களாகத் தேடித் தேடிப் படித்து வருகிறோம். “பொதுத்தேர்வு வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் பற்றி என்ன ஆராய்ச்சி?” என்று பெரியோர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு எங்களால் இயன்ற விடையே இக்கட்டுரை.

எங்களில் பெரும்பாலோர் அந்நிறுவனத்தின் கருவியைக் கையால் தொட்டதில்லை. அதன் விலைக்கு நம் பக்கத்தில் இரண்டு வெள்ளாடு வாங்கிக் கட்டிவிடலாம். ஆகவே, ‘அதை வாங்குங்கள்’ என்று எவரிடமும் கேட்க வரவில்லை. ஒரு பட்டியலிலிருந்து நாம் என்ன கற்கலாம் என்று காட்டவே வந்திருக்கிறோம்.

கதை 1889ஆம் ஆண்டில் தொடங்குகிறது. நம் ஓட்டப்பிடாரத்தின் மைந்தர் வ.உ.சிதம்பரனார் அப்போது பதினேழு வயது இளைஞர். அவ்வாண்டு செப்டம்பர் மாதம் கியோட்டோவில் ஃபுசாஜிரோ யமவுச்சி என்பவர் சிறிய கடை ஒன்றைத் திறந்தார். அங்கே அவர் செய்து விற்றது ‘ஹனஃபுடா’ என்னும் சீட்டு. ஹனஃபுடா என்றால் பூச்சீட்டு. நாற்பத்தெட்டுச் சீட்டுகள், மாதத்திற்கு நான்காகப் பன்னிரண்டு மாதத்திற்கும் பகிர்ந்தவை. ஒவ்வொரு மாதத்திற்கும் அந்நாட்டுச் செடியோ மரமோ ஒன்று அடையாளம். மார்ச் மாதத்திற்குச் செர்ரிப்பூ, ஜனவரிக்குப் பைன் மரம். எண்ணே இல்லாத அச்சீட்டுகளில் அந்நாட்டின் பருவங்களே எண்களாக நின்றன.

அழகான பூக்களாயினும் அச்சீட்டுகள் சூதாடும் கூடங்களுக்கும் சென்றன என்பது வரலாறு. அந்நிறுவனம் அதிலேயே நின்றுவிடவில்லை. நிறுவியவரின் கொள்ளுப்பேரன் ஹிரோஷி யமவுச்சி 1949இல் பொறுப்பேற்றார். 1953இல் பிளாஸ்டிக் சீட்டுகள் வந்தன. 1959இல் டிஸ்னிப் படங்கள் அச்சிட்ட சீட்டுகள் வெளிவந்தன. மிக்கி எலி சிரிக்கும் சீட்டைப் பிள்ளைகளும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து விளையாடலாம் அல்லவா? சூதாடியின் கையில் இருந்த சீட்டு குடும்பத்தின் நடுக்கூடத்திற்கு வந்தது. எவருக்காக ஒரு பொருளைச் செய்கிறோம் என்று எண்ணம் மாறினால் பொருளும் மாறிவிடுகிறது என்பதே இதில் நாங்கள் கண்ட முதற்பாடம்.

இரண்டாம் பாடத்தை ஒரு பழுதுபார்ப்பவரிடம் கற்கிறோம். சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பராமரிக்க அமர்த்தப்பட்டவர் குன்பெய் யோகோய். வேலை இல்லாத நேரத்தில், தொலைவில் உள்ள பொருளை நீண்டு பிடிக்கும் கை ஒன்றைத் தம் பொழுதுபோக்கிற்காகச் செய்தார். முதலாளி அதைப் பார்த்துவிட்டார். நம் ஊராயிருந்தால், ‘வேலை நேரத்தில் என்ன விளையாட்டு?’ என்று அதட்டல் விழுந்திருக்கும். யமவுச்சியோ அதையே விற்பனைக்குரிய பொம்மையாக்கச் சொன்னார். 1966இல் வெளிவந்த அந்த ‘அல்ட்ரா ஹேண்ட்’ பத்து இலட்சத்திற்கும் மேல் விற்றது.

பின்னாளில் யோகோய் ரயிலில் செல்லும்போது, பொழுது போகாத ஒருவர் கணக்கிடும் கருவியின் பொத்தான்களை அழுத்தி விளையாடிக் கொண்டிருந்ததைக் கண்டார். மலிந்துபோன அந்தக் கணக்குக் கருவியின் திரையைக் கொண்டே கையடக்கமான விளையாட்டுக் கருவியைச் செய்யலாமே என்று எண்ணினார். 1980இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ பிறந்தது. 1989இல் அவருடைய குழு செய்த ‘கேம் பாய்’ கருவியின் திரைக்கு வண்ணமே கிடையாது. வண்ணத்திரை கொண்ட போட்டிக் கருவிகள் சந்தையில் பளபளத்தபோதும், விலை குறைந்த, பாட்டரி நெடுநேரம் தாங்கிய அந்த மங்கல் திரைதான் வென்றது. புத்தம் புதிய நுட்பத்தைத் துரத்தாதே. பழகி மலிந்த நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்து என்பது அவர் கொள்கை.

இக்கொள்கை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. நுங்கு தின்றபின் எறிந்த பனங்காய் இரண்டு, நடுவே ஒரு குச்சி, தள்ளிச் செல்லக் கவைக்கம்பு ஒன்று. நுங்கு வண்டி தயார். தேய்ந்துபோன சைக்கிள் டயர் ஒன்று கிடைத்தால் தெருவெல்லாம் ஓட்டம். கோவில்பட்டித் தீப்பெட்டியின் மேல் ஒட்டிய படங்களைச் சேர்த்து, ‘இந்தப் படத்திற்கு இவ்வளவு மதிப்பு’ என்று தாங்களே விதி வகுத்து ஆடிய பிள்ளைகள் இப்பகுதியில் எத்தனை பேர்! அவர்களும் ஒருவகையில் யோகோய்கள்தாம். அவர்கள் செய்ததை எழுதி வைக்கவும், ‘நன்று, இன்னும் செய்’ என்று சொல்லவும் ஆள் இல்லாமற் போயிற்று.

இனி அந்தப் பட்டியலைச் சற்றுப் புரட்டுவோம். 1983இல் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் ‘ஃபேமிகாம்’ கருவி வந்தது. 1985இல் குழாய் பழுதுபார்க்கும் மரியோ குதித்தோடும் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’. அது நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1986இல் காடும் குகையும் தேடித் திரியும் ‘செல்டா’. 1989இல் கேம் பாயுடன் உலகைச் சுற்றியது, மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984இல் உருவாக்கிய ‘டெட்ரிஸ்’. 1992இல் ‘மரியோ பெயிண்ட்’. இது படம் வரையவும் இசை கோக்கவும் உதவுவது. 2001இல் பக்கத்து வீட்டாரோடு கூடி வாழும் ‘அனிமல் கிராஸிங்’. 2005இல் நாய்க்குட்டி வளர்க்கும் ‘நின்டெண்டாக்ஸ்’. அவ்வாண்டே மூளைக்குப் பயிற்சி தரும் கணக்கு விளையாட்டு. 2006இல் ‘வீ ஸ்போர்ட்ஸ்’. கையை வீசினாலே பந்து உருளும் இதை முதியோர் இல்லங்களில்கூட விளையாடினர். 2018இல் அட்டையை மடித்துப் பியானோவும் தூண்டிலும் செய்யும் ‘லேபோ’. 2019இல் உடற்பயிற்சியையே வீரக்கதையாக்கிய ‘ரிங் ஃபிட்’.

இவற்றில் சில அந்நிறுவனமே ஆக்கியவை. சில பிறர் ஆக்க, அது வெளியிட்டவை. ஒரே கடையில் குழந்தைக்கும் பாட்டிக்கும், ஓடுபவருக்கும் உட்கார்ந்து சிந்திப்பவருக்கும், பாடுபவருக்கும் வரைபவருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. வீடியோ கேம் என்றவுடன் நம் மனத்தில் துப்பாக்கி ஒன்றுதான் தோன்றுகிறதென்றால், நாம் ஒரு பெரிய சந்தையின் ஒரே ஒரு கடையை மட்டும் பார்த்திருக்கிறோம் என்று பொருள்.

கரிசல் சம்சாரிக்கு இந்தப் பட்டியலின் சூட்சுமம் எளிதில் விளங்கும். வானம் பார்த்த பூமியில் அவர் ஒரே பயிரை நம்பியிருப்பதில்லை. உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி, மிளகாய், மல்லி என்று மாற்றி மாற்றியும் கலந்தும் விதைக்கிறார். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கை கொடுக்கும். நின்டெண்டோவிற்கும் விளைச்சல் பொய்த்த ஆண்டுகள் உண்டு. 1995இல் வந்த ‘வெர்ச்சுவல் பாய்’ வந்த வேகத்தில் மறைந்தது. 2012இல் வந்த ‘வீ யூ’ கருவியை மக்கள் அவ்வளவாக விரும்பவில்லை. சோர்ந்துவிடாமல் மீண்டும் விதைத்தார்கள். 2017இல் வந்த ‘ஸ்விட்ச்’ 15 கோடிக்கும் மேல் விற்றுவிட்டது.

இத்தனை வகை விதைகள் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தன? இந்தக் கேள்விதான் எங்களை விடாமல் பிடித்துக்கொண்டது. தேடியபோது கிடைத்த விடை எங்களை வியப்பில் ஆழ்த்தியது.

செல்டாவையும் மரியோவையும் உருவாக்கிய ஷிகேரு மியமோட்டோ, கியோட்டோவுக்கு அருகே சோனோபே என்னும் சிற்றூரில் 1952இல் பிறந்தவர். சிறுவயதில் சுற்றியிருந்த மலைகளிலும் வயல்களிலும் அலைந்தவர். ஒருநாள் ஒரு குகையைக் கண்டு, விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்து பார்த்தார். அந்த அச்சமும் ஆவலும்தாம் பிற்காலத்தில் செல்டா ஆயின. வீட்டுத் தோட்டம் பற்றிய அவர் எண்ணத்திலிருந்து ‘பிக்மின்’ முளைத்தது. வீட்டிற்கு வந்த நாய் நின்டெண்டாக்ஸ் ஆயிற்று.

நின்டெண்டோ 1996இல் வெளியிட்ட ‘போக்கிமான்’ விளையாட்டை எண்ணிப் படைத்த சடோஷி தஜிரி, டோக்கியோவை அடுத்த மச்சிடாவில் வளர்ந்தவர். பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டவர். அவர் பூச்சி பிடித்த வயல்வெளிகள் நாளடைவில் கட்டடங்களாயின. இரண்டு கேம் பாய் கருவிகளை இணைக்கும் கம்பியைப் பார்த்தபோது, அதன் வழியே ஒரு பூச்சி இந்தக் கருவியிலிருந்து அந்தக் கருவிக்கு ஊர்ந்து செல்வதாக அவர் கற்பனை செய்தார். போக்கிமான்களைப் பிடிப்பதும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதும் அங்கிருந்து வந்தவை.

தோழியரே, தீப்பெட்டிக்குள் பொன்வண்டை வைத்து, இலைக்கொழுந்து போட்டு, முட்டையிடுமா என்று மணிக்கொருதரம் திறந்து பார்த்தவர்கள் நம் பகுதிப் பிள்ளைகள் அல்லரா? ‘உன் பச்சை வண்டைத் தா, என் பம்பரத்தைத் தருகிறேன்’ என்று பேரம் பேசியவர்கள் அல்லரா? மச்சிடாவில் ஒரு சிறுவனின் பூச்சி உலகெங்கும் பறந்தது. நம் பொன்வண்டோ தீப்பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

அனிமல் கிராஸிங் பிறந்த கதை எங்கள் மனத்தை இன்னும் தொட்டது. கட்சுயா எகுச்சி என்பவர் சீபா என்னும் ஊரை விட்டு வேலைக்காகக் கியோட்டோ வந்தார். குடும்பத்தையும் நண்பர்களையும் பிரிந்த ஏக்கம் அவரை வாட்டியது. வெவ்வேறு நேரத்தில் வீடு திரும்பினாலும், ஒருவர் விட்டுச் சென்றதை மற்றவர் வந்து பார்த்து மகிழும் ஒரு சிற்றூரை விளையாட்டாக்க எண்ணினார். நம் பகுதியில் தந்தையர் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றிருக்கும் வீடுகள் எத்தனை! அந்த ஏக்கம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. அதே வரிசையில் 2020இல் வந்து நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற விளையாட்டை இயக்கியவர் அயா கியோகோகு என்னும் பெண்மணி என்பதையும் பெருமையோடு இங்கே குறிக்கிறோம்.

ஆக, குகை, பூச்சி, தோட்டம், நாய்க்குட்டி, பிரிவு என்று அப்பட்டியலின் புகழ்பெற்ற பல விளையாட்டுகளின் வேரைத் தேடினால், அது யாரோ ஒருவரின் சொந்த ஊரிலோ சொந்த வீட்டிலோ சென்று முடிகிறது. மூலப்பொருள் என்று அவர்களிடம் இருந்தவை நம்மிடமும் உண்டு. பின் ஏன் நம்முடையவை விளையாட்டாகவில்லை?

“அதெல்லாம் ஜப்பான்காரருக்குத்தான் வரும்” என்போருக்கு ஒரு செய்தி. 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் ‘வெண்பா’ என்னும் விளையாட்டு வெளிவந்தது. ஆக்கியது கனடாவின் டொரண்டோ நகரில் உள்ள ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறிய குழு. கதையின் தலைவி வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய குடும்பம். வெண்பாவிடம் அவள் தாய் தந்த சமையற்குறிப்பு ஏடு இருக்கிறது. அது கிழிந்தும் கறை படிந்தும் பாதி எழுத்து அழிந்தும் போயிருக்கிறது. அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாகச் சேரும்? புட்டுக் குழலில் மாவும் தேங்காயும் எந்த வரிசையில் போக வேண்டும்? நம் தாய்மார் நாள்தோறும் கேள்வியே இல்லாமல் செய்யும் வேலை, அங்கே உலகத்தார் மண்டையை உடைத்துக்கொள்ளும் புதிராக நிற்கிறது!

புதிருக்கு நடுவே ஒரு தாயின் துயரமும் ஓடுகிறது. பள்ளியில் மற்றப் பிள்ளைகள் முன் தன் வீட்டு உணவுக்கு வெட்கப்படும் மகன். அவன் மொழியும் மெல்ல விலகிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய். நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியிலும் ஓடும் இந்தச் சிறிய விளையாட்டு, 2024இல் பிரிட்டனின் ‘பாஃப்டா’ அமைப்பு முதற்படைப்புக்கு வழங்கும் விருதைப் பெற்றது. ஒரு தமிழ்த்தாயின் அடுக்களை அந்த மேடை வரை சென்றிருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட அன்று எங்கள் வகுப்பில் எழுந்த மகிழ்ச்சிக் கூச்சலுக்கு வகுப்பாசிரியையிடம் நாங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

அடுக்களை ஒரு விளையாட்டாகும் என்றால், கரிசல்காடு ஆகாதா? ஜப்பானிலேயே வேறொரு நிறுவனம் 1996இல் பண்ணை விவசாயத்தை விளையாட்டாக்கி வெற்றி கண்டது. நாம் எண்ணிப் பார்ப்போம். புரட்டாசி பிறந்துவிட்டது. மண் வெடித்துக் கிடக்கிறது. மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பதா, மழை பெய்து ஈரம் கண்டபின் விதைப்பதா? முந்தினால் விதை கருகலாம். பிந்தினால் பருவம் தப்பலாம். கையில் இருக்கும் பணம் விதைக்கா, மகளின் பள்ளிக் கட்டணத்திற்கா? மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தால் என்ன செய்வது? காட்டுப்பன்றி வந்தால் யார் காவல் இருப்பது? இதைவிடப் பரபரப்பான ஆட்டம் உண்டா? நம் ஊர்ச் சம்சாரி ஒவ்வோர் ஆண்டும் இதை ஆடுகிறார். அவர் தோற்றால் திரும்பத் தொடங்கப் பொத்தான் கிடையாது.

வரலாறும் பக்கத்திலேயே இருக்கிறது. 1799இல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டபின், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடிக்கப்பட்டது. 1801இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, மக்கள் துணையோடு சில நாட்களிலேயே அக்கோட்டையை மீண்டும் எழுப்பினார். மண்ணும் ஆட்களும் குறைவு, நாளும் குறைவு, பகைவர் வந்துகொண்டிருக்கிறார்கள். எந்தச் சுவரை முதலில் எழுப்புவது? இது கணக்கும் வரலாறும் கலந்த அருமையான புதிர் ஆகாதா?

நம் பாட்டிமார் வைத்திருந்த விளையாட்டுப் பட்டியலும் குறைந்ததன்று. பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம், தட்டாங்கல், பாண்டி, கிச்சுக்கிச்சுத் தாம்பாளம், கண்ணாமூச்சி, நொண்டி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பல்லாங்குழியில் புளியங்கொட்டையை எண்ணி எடுக்கும் பெண், மூன்று ஆட்டத்திற்குப் பின் எந்தக் குழியில் எவ்வளவு இருக்கும் என்று மனக்கணக்கில் காண்கிறாள். ஆடுபுலியில் வலிமை குறைந்த ஆடுகள் ஒன்றுகூடிப் புலியை மடக்குகின்றன. இந்தப் பட்டியல் எவர் ஏட்டிலும் முழுமையாக இல்லை. பாட்டியரின் நினைவில் இருக்கிறது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் தந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன், கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களைச் சேர்த்து அகராதியாக்கினார். அவர் சேர்த்திராவிட்டால் அச்சொற்களில் எத்தனை மறைந்திருக்குமோ! விளையாட்டுகளுக்கு அத்தகைய பணியைச் செய்ய யார் வருவார்?

இங்கே சற்று மனம் திறந்து பேச வேண்டியிருக்கிறது. நம் தெருக்களில் ஒரு சிறுமி எட்டு, ஒன்பது வயது வரை எல்லாம் விளையாடுகிறாள். அவள் வயதுக்கு வந்ததும் விளையாட்டு நின்றுவிடுகிறது. “பொம்பளப் பிள்ளைக்குத் தெருவில் என்ன வேலை?” என்பது பழகிப்போன கேள்வி. அண்ணன் தம்பியர் கிரிக்கெட் மட்டையோடு பொட்டலுக்குப் போகிறார்கள். வீட்டில் உள்ள ஒரே செல்போனில் ஆட்டம் ஆடும் உரிமையும் பெரும்பாலும் அவர்களுக்கே. தண்ணீர் பிடித்து, பாத்திரம் துலக்கி, படிக்க உட்காரும் பெண்ணுக்கு ‘விளையாட்டு நேரம்’ என்று ஒன்று அன்றாடக் கணக்கில் கிடையாது. விளையாடாதவள் விளையாட்டை எப்படி உருவாக்குவாள்? நாளைய உலகின் விளையாட்டுகளையெல்லாம் ஆண்பிள்ளைகளின் நினைவுகளிலிருந்தே செய்தால், அதில் துப்பாக்கியும் பந்தயக் காரும் நிறைந்திருப்பதில் என்ன வியப்பு? நம் நினைவுகள் சேராத பட்டியல் பாதிப் பட்டியலே.

பெற்றோரின் அச்சத்தை நாங்கள் அறியாமல் இல்லை. இணையத்தில் பணம் வைத்து ஆடிக் கடனில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டோர் பற்றிய செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022இலும், நாடாளுமன்றம் 2025இலும் சட்டங்களை நிறைவேற்றின. அவற்றை நாங்கள் முழுமனத்தோடு வரவேற்கிறோம். சூது வேறு, விளையாட்டு வேறு. விடிய விடியத் திரையைப் பார்த்துக் கண்ணையும் படிப்பையும் கெடுத்துக்கொள்வதும் தவறே. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. ஆனால், கெட்ட புத்தகம் அச்சாகிறது என்பதற்காக அச்சகத்தையே மூடச் சொல்வோமா? நல்ல புத்தகம் எழுதுவோரை வளர்ப்பதே சரியான மருந்து. விளையாட்டுக்கும் அதே மருந்துதான்.

“தொழில் நடத்துவோர் இலாபத்திற்காகத்தானே செய்கிறார்கள், அவர்களைப் போய்ப் பாராட்டுவானேன்?” என்றும் கேட்கலாம். உண்மை, நின்டெண்டோ தருமசத்திரம் அன்று. நாங்கள் பாராட்டுவது அவர்கள் ஈட்டிய பணத்தை அன்று; தங்கள் மண்ணில் கிடந்ததை அற்பமென்று தள்ளாமல் எடுத்துக்கொண்ட அந்த மனத்தையே.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெரியவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயரின் கப்பல்கள் ஓடின. நம்மவர் பயணச்சீட்டு வாங்கி ஏறினர், இறங்கினர். அவ்வளவே நம் பங்கு. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். கடலில் போகாதீர்கள் என்று அவர் நம் மக்களைத் தடுக்கவில்லை. கப்பல் என்பதே தீது என்றும் சொல்லவில்லை. நாமே கப்பல் ஓட்டுவோம் என்றார். விளையாட்டு என்னும் கடலில் இன்று நாம் பயணிகளாக மட்டுமே இருக்கிறோம். பிறர் செய்த கதையில், பிறர் வகுத்த விதியில், பிறர் மொழியில் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறோம். அவர் பிறந்த மண்ணில் வாழும் நமக்கு இது போதுமா?

சொல்லிவிட்டுப் போவது எளிது, செய்வது எப்படி? எங்களுக்குத் தோன்றிய வழிகள் மூன்று.

முதலாவது, கோடை விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் நம் பாட்டியிடமோ பக்கத்து வீட்டு ஆச்சியிடமோ அமர்ந்து, அவர்கள் ஆடிய ஒரு விளையாட்டின் விதிகளைத் தெளிவாக எழுதி வருவோம். எத்தனை பேர், என்ன பொருள், எப்படித் தொடக்கம், எப்படி வெற்றி என்பவை அதில் இருக்கட்டும். நாற்பது பேர் எழுதினால் நம் பள்ளி நூலகத்தில் ஒரு நோட்டு நிறையும். அது நம் கரிசல் விளையாட்டுகளின் முதற்பட்டியல் ஆகும்.

இரண்டாவது, கணிப்பொறி அறையில் வாரம் ஒரு வகுப்பு விளையாட்டு உருவாக்கத்திற்கு ஒதுக்கும்படி ஆசிரியைகளை வேண்டுகிறோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ‘ஸ்கிராட்ச்’ என்னும் நிரல்மொழியைப் பைசாச் செலவின்றிப் பெறலாம். கட்டைகளை அடுக்குவதுபோல் கட்டளைகளை அடுக்கினால் படம் நகரும். அதற்கும் முன்னதாகக் காகிதமே போதும். சூப்பர் மரியோவின் மேடுபள்ளங்களை அதை உருவாக்கியோர் முதலில் கட்டம் போட்ட வரைபடத்தாளில்தான் வரைந்தார்கள். அந்தத் தாள் நம் கணக்குப் பாடத்திற்காக நம் பைக்குள்ளேயே இருக்கிறது!

மூன்றாவது வேண்டுகோள் பெற்றோருக்கு. பள்ளி விட்டபின் அரைமணி நேரம் உங்கள் மகளும் விளையாடட்டும். பந்தோ, பாண்டியோ, பல்லாங்குழியோ எதுவாயினும் சரி. மகனுக்கு அது உடல்நலம் என்றால், மகளுக்கும் அது உடல்நலமே. அந்த அரைமணியில் அவள் தோற்கவும் மீண்டும் எழவும் விதிகளை மாற்றிப் பார்க்கவும் கற்றுக்கொள்வாள். வாழ்க்கைக்கு வேண்டியவையும் இவைதாமே?

மறைக்கல்வி வகுப்பில் நாம் தாலந்து உவமையைக் கேட்டிருக்கிறோம். தலைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைத்துவைத்த ஊழியனுக்குப் பாராட்டுக் கிடைக்கவில்லை. நமக்குத் தரப்பட்ட தாலந்துகளில் நம் ஊரும் ஒன்று. அதன் வெடித்த மண்ணும் பனைமரமும் தீப்பெட்டிப் படமும் பொன்வண்டும் ஆச்சிமாரின் புளியங்கொட்டைக் கணக்கும் அந்தத் தாலந்தில் அடங்கியவை. புதைத்து வைக்க நம் கரிசல்மண் ஆழமானதுதான். ஆயினும், அது விதைப்பதற்கே ஏற்ற மண் என்பதை நம் அப்பாமார் நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

வாருங்கள் தோழியரே! இந்த ஆண்டு நம் முதல் விதையை வரைபடத்தாளில் ஊன்றுவோம்.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு